ஆய்த்து சார்

மனிதனுக்கு உடம்பு சரியில்லை என்றால் நாலு பேர் நாலு மருந்து சொல்வார்கள். சரக்கு ரயில் பெட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் நாலு பேரும் சேர்ந்து அது எங்கள் பெட்டி இல்லை என்பார்கள்.

இந்தப் பாட்டை ஒரு வாரமாகக் காது வலிக்கக் கேட்டுவிட்டாள் ஆஞ்சலா. பெட்டியின் சொந்தக்காரர்கள் துங்கா வேகன் லீசிங் கம்பெனி. அதை வாடகைக்கு எடுத்து ஒயிட்ஃபீல்டுக்கு அப்பால் தன் சொந்தத் தண்டவாளத்தில் சிமெண்ட் மூட்டை ஏற்றுவது அர்க்காவதி சிமெண்ட் கம்பெனி. குத்தகைப் பத்திரத்தில் பெரிய வக்கீல்கள் உட்கார்ந்து எழுதிய ஒரு வரி இருந்தது. தேய்மானம் வந்தால் வாடகைக்கு எடுத்தவர் செலவு, பழுது வந்தால் சொந்தக்காரர் செலவு. ஒரு பெட்டியின் பிரேக் கட்டை போனது. தேய்ந்து போய்த்தான் உடைந்தது, ஆகவே தேய்மானம் என்றார்கள் துங்காக்காரர்கள். உடைந்ததால்தான் தேய்ந்த மாதிரி தெரிகிறது, ஆகவே பழுது என்றார்கள் சிமெண்ட்காரர்கள்.

இந்த இலக்கண ஆராய்ச்சியின் முடிவில், அந்தப் பெட்டி ஒரு மத்தியானம் யாரும் தள்ளாமலே நகர்ந்தது. லோடு ஏற்றிக்கொண்டிருந்த தினேஷ் என்ற இளைஞன் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் நசுங்கிச் செத்துப்போனான். அதற்குப் பிறகு இரண்டு கம்பெனிக்கும் அதிசயமான ஒற்றுமை வந்துவிட்டது. தகராறு எப்போதோ தீர்ந்துவிட்டது, புதுப் பிரேக் கட்டை ஸ்டோரில் தயாராக இருந்தது, துங்காவின் ஃபிட்டர் வெங்கடசாமி அதை மாட்டாமலே மாட்டிவிட்டதாகப் பொய் சொன்னான் என்று ஒரே குரலில் சொன்னார்கள். போலீஸ் வெங்கடசாமியைப் பிடித்து பரப்பன அக்ரஹாரா ஜெயிலில் வைத்தது. அவருடைய மனைவி சின்னத்தாயி, இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து விசாரணை பார்த்துவிட்டு இப்போது தனியாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கும் ஆஞ்சலாவைத் தேடி அல்சூருக்கு வந்தாள். "என் வூட்டுக்காரர் பொய் சொல்ற ஆள் இல்லம்மா. அவரை வெளிய கொண்டாங்க" என்று மட்டும் சொன்னாள்.

பொய்க்குச் சாட்சி ஒரு போன் பேச்சு. சூப்பர்வைசர் கோவிந்தராஜனின் ஆபீஸ் போன் எல்லாப் பேச்சையும் தானாகப் பதிவு செய்யும். அதன் நகலை ஆஞ்சலா தன் மேஜையில் வைத்து மறுபடியும் ஓடவிட்டாள்.

"வெங்கடசாமி, அந்த சிக் வேகன் பிரேக் வேலையை முடிச்சி..." என்று கோவிந்தராஜனின் குரல். அந்த இடத்தில் பார்த்து ஒரு இன்ஜின் நீளமாக ஹாரன் அடித்தது. ஹாரன் ஓய்ந்ததும் வெங்கடசாமியின் குரல். "ஆய்த்து சார்."

அவ்வளவுதான். போன் வைக்கப்பட்டுவிட்டது.

"வேகனுக்கு உடம்பு சரியில்லன்னா சிக்னு சீட்டு ஒட்டி லீவு விடறாங்க" என்றார் சின்னப்பா. ஆஞ்சலாவின் உதவியாளர், சொந்த ஆட்டோவுக்கு டிரைவர், கேட்காமலே கருத்துச் சொல்பவர், மூன்றும் அவர்தான். "நான் சிக்னு சொன்னா நீங்க நம்பறதில்ல."

"நீங்க சிக் ஆகறது மேட்ச் நடக்கற அன்னிக்கு மட்டும்தான் சின்னப்பா. லீவு விட்டா வேகனுக்கு வாடகை கிடையாது. அதனால அதை யாரும் ரொம்ப நாள் படுக்க விடமாட்டாங்க. எப்படா 'ஃபிட்'னு சீட்டு மாத்தலாம்னு காத்திருப்பாங்க. இவரு 'ஆய்த்து'ன்னதும் மாத்திட்டாங்க."

"அப்ப கேஸ் முடிஞ்சது. ஆளே ஒத்துக்கறாரே."

"அதுதான் இடிக்குது. ஜெயில்ல பார்த்தப்ப 'சொன்னது நான்தாம்மா'ங்கறாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசமாட்டேங்கறாரு. பொய் சொல்றவன் இவ்வளவு கம்மியா பேசமாட்டான்."

சின்னப்பா முகம் கழுவப் போனார். குழாய் காற்றை மட்டும் விட்டது. தண்ணீர் மோட்டரைப் போடச் சொல்லி ஜன்னல் வழியாகக் கீழே இருந்த வாட்ச்மேனைக் கூப்பிட்டார். "மோட்டர் ஹாகப்பா."

"ஆய்த்து சார்" என்று கீழிருந்து பதில் வந்தது.

சின்னப்பா குழாயைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். சொட்டுத் தண்ணீர் வரவில்லை. எட்டிப் பார்த்தார். வாட்ச்மேன் நிதானமாகப் பீடியை முடித்துக்கொண்டிருந்தான்.

"இவனுங்க ஆய்த்துன்னா 'ஆச்சு'ன்னு அர்த்தம் இல்ல மேடம், 'ஆகட்டும்'னு அர்த்தம். ரெண்டுக்கும் நடுவுல நான் சோப்பு போட்டுக்கினு நிக்கணும்."

ஆஞ்சலா நாற்காலியை விட்டு எழுந்தாள். "இதைத் திரும்பச் சொல்லுங்க."

"சோப்பையா?"

"ஆய்த்தை."

சின்னப்பாவுக்கும் புரிந்தது. பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது யோசிக்காமலே தெரிந்த விஷயம், அதனாலேயே யாருக்கும் தோன்றவில்லை. கன்னடத்தில் 'ஆய்த்து' என்றால் முடிந்தது. ஒரு வேலையைச் சொன்னதற்குப் பதிலாக 'ஆய்த்து' என்றால், சரி, செய்கிறேன். வேலைத் தளத்துத் தமிழன் வாயில் அந்தச் சொல் இரண்டு அர்த்தத்திலும் புழங்கும். ஹாரன் விழுங்கியது கேள்வியின் வாலை. கோவிந்தராஜன் 'முடிச்சிட்டீங்களா' என்று கேட்டிருந்தால் வெங்கடசாமி பொய்யர். 'முடிச்சிடுங்க' என்று சொல்லியிருந்தால் வெங்கடசாமி சரி என்றுதான் சொன்னார், பொய்யே சொல்லவில்லை.

"கோவிந்தராஜன் எந்த ஊர்க்காரரு?" என்று கேட்டார் சின்னப்பா.

"திருச்சி. இந்த வருஷம்தான் இங்க வந்தார்."

குழாயில் தண்ணீர் வந்தது. ஆஞ்சலா சிரித்தாள். இந்த வழக்கில் அவள் சிரித்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

மறுநாள் துங்காவின் பெங்களூர் மேனேஜர் டிரேவரையும் கோவிந்தராஜனையும் அவர்கள் ஆபீஸுக்கு எதிரே இருந்த ஓட்டலுக்கு அழைத்தாள். சின்னப்பாவும் கூட வந்தார். டிரேவர் கோட்டு கசங்காமல் உட்கார்ந்தார். கோவிந்தராஜன் தூங்கிப் பல நாள் ஆனவர் மாதிரி இருந்தார். தாடி நரைத்து எட்டிப் பார்த்தது.

"லுக் ஆஞ்சலா, எங்க பைல்ஸ் எல்லாம் பக்கா" என்றார் டிரேவர். "மெயின்டனன்ஸ் கம்ப்ளையன்ஸ் ஹண்ட்ரட் பர்சன்ட். ஒரு ஃபிட்டர் பொய் சொன்னா கம்பெனி என்ன பண்ணும்?"

"காபி குடிச்சிட்டுப் பேசலாம்" என்ற ஆஞ்சலா, மேஜையருகே வந்த பையனிடம் திரும்பினாள். "நால்கு காபி. ஒந்தக்கெ சக்கரெ பேடா." நாலு காபி, ஒன்றில் மட்டும் சர்க்கரை வேண்டாம்.

"ஆய்த்து மேடம்" என்று அவன் போனான்.

ஆஞ்சலா வேண்டுமென்றே மழையைப் பற்றிப் பேசினாள். மெட்ரோ வேலையால் பாழான ரோடுகளைப் பற்றிச் சின்னப்பா பேசினார். கோவிந்தராஜன் கவுன்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் பொறுக்க முடியாமல் எழுந்தார்.

"காபி ஆச்சுன்னு சொல்லிட்டுப் போனானே. அங்கேயே வச்சிட்டான் போல. நான் போய் எடுத்துட்டு வந்துடறேங்க, ஆறிடும்."

"உட்காருங்க சார்" என்றாள் ஆஞ்சலா. "அவன் இன்னும் பாலே வைக்கல."

போனை எடுத்து அந்தப் பதிவை ஓடவிட்டாள். பிறகு சொன்னாள். அவசரப்படாமல், அந்த ஒரு சொல்லை இரண்டு கையிலும் ஏந்திக் காட்டுவது போலச் சொன்னாள். கோவிந்தராஜனின் முகம் வெளுத்தது.

"இல்லீங்க மேடம். நான் 'முடிச்சிட்டீங்களா'ன்னுதான்..."

"நிச்சயமா தெரியுமா? தினம் எத்தனை பேர்கிட்ட, எத்தனை வேலையைப் பத்திப் பேசறீங்க? 'முடிச்சிடுங்க'ன்னு சொல்லியிருக்கவே முடியாதா?"

கோவிந்தராஜன் வாயைத் திறப்பதற்குள் டிரேவர் முன்னால் சாய்ந்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்பு வெங்கடசாமியைப் பொய்யன் என்றவர் அவர்தான் என்று யாராவது சத்தியம் செய்தால்கூட நம்ப முடியாது.

"கோவிந்த், நீ 'முடிச்சிடுங்க'ன்னுதான் சொல்லியிருப்பே. யோசிச்சுப் பாரு. பாவம், அவன் சரின்னான், நீ முடிஞ்சிதுன்னு நினைச்சுட்டே. இதுல யார் தப்பும் இல்லையே. சிம்பிள் லாங்வேஜ் இஷ்யூ. ஆஞ்சலா, யூ ஆர் பிரில்லியன்ட். இதை நீங்க எழுதிக் குடுங்க, நாங்க கையெழுத்துப் போடறோம். சிமெண்ட் கம்பெனியையும் போட வைக்கறேன். ஃபிட்டர் மேல குடுத்த கம்ப்ளெயின்ட்டை வாபஸ் வாங்கிடலாம்."

"செத்த பையனுக்குத் தமிழும் தெரியும், கன்னடமும் தெரியும்" என்றார் சின்னப்பா. "அவன்கிட்டதான் யாரும் எதையும் சொல்லல."

டிரேவருக்கு அது காதில் விழவில்லை. காபி வந்தது. அவர் குடிக்காமலே எழுந்து வெளியே நடந்தார். கோவிந்தராஜன் மட்டும் பின்தங்கினார்.

"மேடம், எனக்கு ஒண்ணு சொல்லணுங்க. அந்த பிரேக் கட்டை விஷயத்துல..."

"கோவிந்த்" என்று வாசலில் இருந்து டிரேவர் கூப்பிட்டார். "கார் வந்துடுச்சு."

கோவிந்தராஜன் போய்விட்டார். ஆஞ்சலா அவரை நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கெட்டிக்காரத்தனம் பலித்த ருசி காபியைவிட நன்றாக இருந்தது. அதை நடுவில் வைத்துவிட்டு எழுந்துபோக யாருக்கு மனம் வரும்?

இரண்டு கம்பெனிகளும் கையெழுத்துப் போட்ட வேகத்தைப் பார்த்து வக்கீலே அசந்துபோனார். தகவல் பரிமாற்றத்தில் நேர்ந்த மொழிப் பிழையால் ஏற்பட்ட துரதிர்ஷ்டமான விபத்து, இதில் எந்தத் தரப்பின் பராமரிப்பிலும் குறையில்லை, துப்பறிவாளர் திருமதி ஆஞ்சலா இதை உறுதி செய்கிறார் என்று எழுதியிருந்தது. பிரேக் கட்டை தேய்ந்ததா உடைந்ததா என்று முடிவு செய்ய முடியாதவர்கள், ஒருவன் செத்தது எதனால் என்பதை ஒரே நாளில் முடிவு செய்துவிட்டார்கள். அடுத்த சில நாளில் வெங்கடசாமிக்கு ஜாமீன் கிடைத்தது. வழக்கே நிற்காது என்றார் வக்கீல்.

ஜெயில் வாசலில் சின்னப்பாவின் ஆட்டோ காத்திருந்தது. வெங்கடசாமி மெலிந்திருந்தார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. ஆஞ்சலாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ஏதோ தப்புச் செய்தவர் போல ஆட்டோவின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

"அண்ணே, நல்லா சாஞ்சு உக்காருங்க. உள்ள இருந்த இடத்தைவிட இது கொஞ்சம் பெரிசு" என்றார் சின்னப்பா. வெங்கடசாமியின் போனை வாங்கி ஆட்டோவில் சார்ஜ் போட்டார். அது உயிர் வந்ததுமே அடிக்க ஆரம்பித்தது. கூட வேலை செய்கிற ஒருவன், சாப்பாடு ஆச்சா என்று கன்னடத்தில் விசாரித்தான். அவன் குரல் ஆட்டோ முழுக்கக் கேட்டது.

"ஊட்டா ஆய்த்தாண்ணா?"

"ஆய்த்து, ஆய்த்து" என்றார் வெங்கடசாமி. ஜெயிலில் காலையிலேயே சோறு போட்டுவிட்டார்கள்.

"நாளெ மனெகெ பர்த்தீனி, இரண்ணா."

"சரிப்பா, நாளைக்கே வீட்டுக்கு வா."

அடுத்து ஒரு மைத்துனன். பிறகு சின்னத்தாயி. நேராக வீட்டுக்குள் வரவேண்டாம், வாசலில் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விடுவேன் என்றாள். "சரி" என்றார் வெங்கடசாமி. துணி எடுத்து வைத்திருக்கிறேன் என்றாள். "சரி, சரி."

சின்னப்பா முணுமுணுத்துக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினார்.

"அண்ணே, நாளைக்கு ஸ்டேஷன்ல ஒரு கையெழுத்துப் போடணும். மறந்துடாதீங்க."

"சரிப்பா."

"கன்னடத்துல சொல்றேன், அப்பதான் மறக்காது. நாளெ ஸ்டேஷன்கே ஹோகி சைன் மாடி."

"சரி, மாட்தீனி."

"வழியில எங்கயாச்சும் என்னை நிறுத்தச் சொல்லுங்க. டீ குடிக்கணும்."

"சரி."

கண்ணாடியில் சின்னப்பாவின் கண் ஆஞ்சலாவைப் பார்த்தது. அவள் ஏற்கெனவே வெங்கடசாமியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை சொன்னால் தமிழானாலும் கன்னடமானாலும் இந்த மனிதர் 'சரி' என்கிறார். முடிந்ததா என்று கேட்டால் மட்டும்தான் 'ஆய்த்து' என்கிறார். ஊரெல்லாம் அந்தச் சொல்லை எப்படிப் புழங்குகிறது என்று விழுந்து விழுந்து நிரூபித்தவள், இவர் எப்படிப் புழங்குகிறார் என்று ஒரு தடவைகூடக் காதைக் கொடுத்துக் கேட்கவில்லை.

பொம்மனஹள்ளி தாண்டி நெரிசல் கொஞ்சம் விட்ட இடத்தில் ஆட்டோவை ஓரமாக நிறுத்தச் சொன்னாள்.

"வெங்கடசாமி, அன்னிக்கு சார் போன்ல என்ன கேட்டாரு?"

"அதான் எல்லாத்தையும் நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்களேம்மா."

"நீங்க சொல்லுங்க."

வெங்கடசாமி ரோட்டைப் பார்த்தார். "முடிச்சிட்டீங்களான்னு கேட்டாரு. ஆய்த்துன்னேன்."

"ஆனா மாட்டல."

"எதை மாட்டறது? கட்டை இருந்தாத்தானே மாட்ட."

"ஸ்டோர்ல இருந்ததுன்னு..."

"எப்ப வந்ததுன்னு யாராச்சும் கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. துப்பறிய வந்த புது ஆள்கூட முதல் நாளே கேட்டிருக்கும் கேள்வி அது.

"தினேஷை எடுத்துக்கினு போன மறுநாள் வந்ததும்மா" என்றார் வெங்கடசாமி. "அவசர அவசரமா கொண்டாந்து ஸ்டோர்ல வச்சிட்டாங்களாம். இப்ப போன்ல பேசினானே, அவன்தான் பார்த்தவன். அதுக்கு முன்னாடி நான் கேக்காத ஆள் கெடையாது. எங்க ஆபீஸ்ல கேட்டா சிமெண்ட் கம்பெனி தரணும்பாங்க. அங்க போய்க் கேட்டா உங்க ஓனரைக் கேளுங்கம்பாங்க. ஆனா வேலை ஆயிட்ச்சா, வேலை ஆயிட்ச்சான்னு மட்டும் தெனம் போன் வரும். ஆடிட்காரங்க வராங்க, சிக் சீட்டு இருக்கக் கூடாதும்பாங்க. கோவிந்தராஜன் சார் நல்லவருதான். அவரைப் போட்டு மேல இருக்கறவன் நெருக்கறான், அவரு என்னை நெருக்கறாரு. அன்னிக்கி எனக்கு சலிச்சுப் போச்சும்மா. வாய் தானா சொல்லிட்ச்சி. எப்படியும் கட்டை வந்துடும், வந்ததும் மாட்டிடலாம், அதுவரைக்கும் ஓரமா நிக்கற பெட்டி தானேன்னு நெனச்சேன். சீட்டை மாத்தி அன்னிக்கே லோடுக்கு இழுத்துட்டாங்க."

"இதை ஏன் போலீஸ்ல சொல்லல?"

"சொன்னேன். இது உன் குரலான்னு கேட்டாங்க. ஆமான்னேன். அதுக்கப்புறம் நான் சொன்னது எதையும் அவங்க கேக்கல."

"என்கிட்ட?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க ரெண்டாவது தடவை ஜெயிலுக்கு வந்து, அந்த வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருக்குது, வெளிய வந்துடலாம்னீங்க. ஆசை வந்துட்ச்சி." அவர் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார். "உங்களுக்குத் தெரிஞ்சுதான் எனக்காக அப்படிச் சொல்றீங்கன்னு நெனச்சேம்மா."

ஆஞ்சலாவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஒரு பொய்யைக் காப்பாற்றியதற்காக அல்ல. களைத்துப்போன ஒரு மனிதன் சொன்ன ஒரு சொல் பொய்யைக் கையில் பிடித்திருந்தால், அதைத் தொடர்ந்துபோய் வராத பிரேக் கட்டைவரைக்கும், அதைத் தராத இரண்டு கம்பெனிவரைக்கும் போயிருக்கலாம். அந்த வழியை அவளே அடைத்து, எந்தத் தரப்பிலும் குறையில்லை என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாள். டிரேவர் ஏன் அவளைப் புகழ்ந்தார் என்பது இப்போது நன்றாகப் புரிந்தது.

"இப்ப மாத்திச் சொன்னா?" என்று சின்னப்பா கேட்டார்.

"இவர் பொய் சொன்னார்ங்கறது மட்டும்தான் நிரூபணம் ஆகும். குரல் இருக்கு. கட்டை எப்ப வந்ததுங்கறதுக்கு ஒரு ஆளோட வாய்தான் இருக்கு. அந்த ஆளும் அவங்க சம்பளத்துல இருக்கான். சாவியும் அவங்ககிட்ட, ஸ்டோரும் அவங்ககிட்ட. என் கையெழுத்தும் அவங்ககிட்ட."

சின்னப்பா ஆட்டோவை எடுத்தார்.

ஸ்ரீராம்புரத்தில் ஆட்டோ நுழையும் அளவுக்குத் தெரு அகலம் இல்லை. தெருமுனையில் இறங்கி நடந்தார்கள். சின்னத்தாயி குடத்தோடு வாசலில் நின்றாள். வெங்கடசாமியை நிறுத்தி, தலையோடு தண்ணீர் ஊற்றினாள். அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள், ஒருத்தி அழுதாள். தலை துவட்டிக்கொண்டு அவர் உள்ளே போனபோது, உள்ளே ஒரு பெண் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"காந்தா" என்று சின்னத்தாயி ஆஞ்சலாவிடம் சொன்னாள். "தினேஷ் சம்சாரம். எதிர் வூடு. காலையில இருந்து இங்கதான் இருக்குது. இவரு வந்ததும் தன் கையால சோறு போடணுமாம். அந்தப் பையனை வேலைக்குச் சேத்து விட்டதே இவருதான்."

காந்தா சின்னப் பெண். நெற்றி வெறுமையாக இருந்தது. ஆஞ்சலாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வெங்கடசாமியின் முன்னால் சோற்றை வைத்தாள்.

"சாப்பிடுங்கண்ணா. உள்ள என்னத்தைப் போட்டாங்களோ."

"நீ சாப்பிட்டியா தங்கச்சி?"

"எனக்கு என்ன அவசரம். நீங்க சாப்பிடுங்க." குழம்பை ஊற்றினாள். "உங்களைப் புடிச்சுக்கினு போனப்ப எல்லாரும் என்கிட்ட வந்து சொன்னாங்க, வெங்கடசாமிதான் கொன்னுட்டான்னு. நான் நம்பலண்ணா. எங்க அண்ணன் அந்த மாதிரி பண்ற ஆள் இல்லன்னு சொன்னேன். இன்னைக்கு இந்த மேடம் அதை நிரூபிச்சிட்டாங்க."

வெங்கடசாமி சோற்றில் கை வைத்தார். பிசைந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

காந்தா ஆஞ்சலாவிடம் திரும்பினாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க மேடம். இவர் இல்லன்னா யாரு? பேப்பர்ல யார் தப்பும் இல்லன்னு போட்டிருக்குதாம். யார் தப்பும் இல்லாம ஒருத்தன் எப்படி மேடம் சாவான்?"

ஆஞ்சலா பல வருஷமாக எத்தனையோ பேருடைய கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறாள். இதற்கும் பதில் தெரியும். அவள் வெங்கடசாமியின் தட்டைப் பார்த்தாள். சின்னப்பா வாசல் பக்கம் பார்த்தார்.

"நான்தான் தங்கச்சி" என்றார் வெங்கடசாமி.

சின்னத்தாயி கணவனின் தோளைப் பிடித்தாள். "இன்னா பேசறே நீ?"

அவர் நிறுத்தவில்லை. கட்டை வராததையும், கேட்டுக் கேட்டு அலைந்ததையும், போனில் சொன்ன அந்த ஒரு வார்த்தையையும் சொன்னார். கோவிந்தராஜனையோ கம்பெனியையோ திட்டவில்லை. முடிக்கும்போது, "மாட்டலன்னு சொல்லியிருந்தா அந்தப் பெட்டி அங்கயே நின்னிருக்கும்" என்றார்.

சின்னத்தாயி சுவரோடு சரிந்து உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். எவனைப் பொய்யே சொல்லாதவன் என்று ஊரெல்லாம் சொல்லி மீட்டாளோ, அவன் தலையில் இருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காந்தா அழவில்லை. கரண்டியைக் குழம்புக்குள் திரும்ப வைத்தாள். சின்னத்தாயியின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, அழாதீங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். சொன்னா இவரை மட்டும்தான் புடிப்பாங்க. கட்டை குடுக்காதவன் காருல போய்க்கினு இருப்பான்."

"நான் அவங்களை விடமாட்டேன் காந்தா" என்றாள் ஆஞ்சலா. "அந்தக் கட்டை வந்த தேதியைக் கண்டுபிடிக்கறேன். கோவிந்தராஜனைப் பேச வைக்கறேன்."

"விடமாட்டேன்னா என்ன மேடம், நீங்க முதல்ல எப்ப புடிச்சீங்க?"

அதில் கோபம்கூட இல்லை. நிஜமாகவே கேட்டாள். ஆஞ்சலா தலையைக் குனிந்துகொண்டாள்.

காந்தா எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். வெங்கடசாமி தட்டில் கை வைத்தபடியே அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏதாவது ஒரு அடி விழும் என்று எதிர்பார்த்தவர் போல இருந்தார்.

"சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்றாள் அவள். "இனிமே என்னைத் தங்கச்சின்னு கூப்பிடாதீங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.